அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் தேங்க்ஸ்கிவிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் பிள்ளைகளை ஆரம்பப் பள்ளியில் சேர்த்திருக்கும் நம் ஆட்கள் தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாளைப் பற்றி இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் எண்பதுகளில் நியூஜெர்சியில் கிண்டர்கார்டன் முதல் படித்தவள். அந்தப் பாடமும் அந்த வேஷமும் இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பிற்பாடு அதன் வரலாற்றை ஆர்வமாகத் தேடிப் படித்தேன். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உங்கள் காலத்தில் பள்ளியில் என்ன கதை சொன்னார்கள்?

இதுதான். இங்கிலாந்தில் தங்கள் இஷ்டப்படி சாமி கும்பிட விடவில்லை என்று பில்கிரிம்கள் மேஃபிளவர் கப்பலேறி வந்தார்கள், முதல் குளிர்காலத்தில் பாதிப்பேர் செத்துப்போனார்கள், அங்கேயே வாழ்ந்த பூர்வகுடிகளில் ஸ்குவாண்டோ என்கிற நல்லவர் வந்து மக்காச்சோளம் நடவும் குழியில் மீனைப் போட்டு உரமாக்கவும் சொல்லிக்கொடுத்தார், அறுவடை அமோகமாக வந்தது, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், நண்பர்களானார்கள். அவ்வளவுதான் கதை. அடுத்த வருடமும் இதே கதை, அதற்கடுத்த வருடமும் இதே. அந்த விருந்துக்கு மறுநாள் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கதையை விட மனதில் நின்றது கைவேலைதான். வகுப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்குக் கருப்புக் காகிதத் தொப்பி, நடுவில் மஞ்சள் கொக்கி. மறு பாதிக்குப் பூர்வகுடி வேஷம், அதற்கு மளிகைக்கடைப் பழுப்புப் பை: அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கழுத்துக்கு ஓர் ஓட்டை, பக்கத்துக்கு ஒன்றாகக் கைக்கு இரண்டு ஓட்டை, முன்பக்கம் நேராக ஒரு வெட்டு, கீழ் ஓரத்தைக் கீறிக் கீறிக் குஞ்சம் மாதிரித் தொங்கவிட்டால் உடுப்பு ரெடி. தலையில் கலர் காகித இறகு வைத்த பட்டை. மார்க்கரில் சூரியன், அம்பு, கூடாரம் என்று எதையாவது வரைந்துகொள்ளலாம். அதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்பவர் கிடையாது.

அப்புறம் வெண்ணெய். சின்னக் கண்ணாடி ஜாடியில் க்ரீம் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு, வட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக் கைமாற்றிக் குலுக்கினோம். முதலில் தளக் தளக் என்று சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் சத்தமே நின்று ஜாடி கனத்துப்போன மாதிரி இருக்கும், கை ஓய்ந்துபோகிற நேரத்தில் உள்ளே திடீரென்று ஒரு கட்டி டொக்கென்று மோதும், மோர் தனியாகப் பிரிந்து நிற்கும். அதை உப்பு பிஸ்கட்டில் தடவிக் கொடுப்பார்கள். அவ்வளவு ருசி! பில்கிரிம்கள் இப்படித்தான் வெண்ணெய் எடுத்தார்கள் என்றார் டீச்சர். ஆனால் பில்கிரிம்கள் குடியேறிய பிளிமத்துக்கு முதல் மாடுகள் வந்து இறங்கியதே 1624-இல்தான். அந்த 1621 விருந்துக்கு இப்படிப் பசும்பாலில் வெண்ணெய் எடுக்க வழியே இல்லை.

பிள்ளை கையை வைத்து ஒரு கோழி வரைந்து கொண்டுவந்திருக்கிறானே, அது என்ன?

கை வான்கோழி. உள்ளங்கையைக் காகிதத்தில் விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் கட்டைவிரல் தலை, மற்ற நாலு விரலும் வால் இறகு. கண், அலகு, தொங்குசதை, கால் போட்டால் முடிந்தது. சில வகுப்புகளில் ஒவ்வொரு விரலிலும் நன்றி சொல்ல வேண்டிய ஒன்றை எழுதச் சொல்வார்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள், தேதி போட்டு வையுங்கள். அந்தச் சின்னக் கை அந்த அளவில் மறுபடி கிடைக்காது.

அந்தக் கதையில் எவ்வளவு உண்மை?

எலும்புக்கூடு உண்மை. 1620 இலையுதிர்காலத்தில் 102 பயணிகளோடு மேஃபிளவர் வந்தது உண்மை, முதல் குளிர்காலத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தது உண்மை, 1621 அறுவடைக்குப் பிறகு மூன்று நாள் கூடிச் சாப்பிட்டதும் உண்மை. ஆனால் அந்த விருந்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் நேரடிச் சாட்சியம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பில்கிரிம்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் ஒரு சின்னப் பத்தி. அறுவடை முடிந்ததும் ஆளுநர் நாலு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆண்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து நடந்தது, அவர்கள் போய் ஐந்து மான்களை வேட்டையாடிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவுதான். அதைத் தேங்க்ஸ்கிவிங் என்று அவர் சொல்லவே இல்லை. அந்த மக்களுக்கு நன்றி நாள் என்றால் கோயிலில் ஜெபம் செய்கிற நாள், வேட்டை, விளையாட்டு, சாப்பாடு என்று கொண்டாடுகிற நாள் அல்ல.

எண்ணிக்கையைக் கவனியுங்கள். அப்போது உயிரோடு மிஞ்சியிருந்த ஆங்கிலேயர்கள் சுமார் 50 பேர், அதிலும் பெரிய பெண்கள் நாலே நாலு பேர். வந்தவர்களோ 90 ஆண்கள். பள்ளிப் படங்களில் நீளமான மேஜை முழுக்கப் பில்கிரிம்கள் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் இறகு வைத்த இரண்டு பேர் கைகட்டி நிற்பார்கள். விகிதம் அப்படியே தலைகீழ்.

அவர்களை விருந்துக்குக் கூப்பிட்டார்களா?

வின்ஸ்லோ கடிதத்தில் அழைப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. வந்தார்கள் என்றுதான் இருக்கிறது. வேட்டைத் துப்பாக்கிச் சத்தம் கேட்டு என்னவோ ஏதோ என்று பார்க்க வந்திருக்கலாம் என்று இன்றைய வாம்பனோவாக் மக்களில் சிலர் சொல்கிறார்கள். அதே 1621 மார்ச்சில் இரு தரப்பும் ஒருவர்மீது மற்றவர்கள் படையெடுத்தால் உதவிக்கு வருவோம் என்று ஒப்பந்தம் செய்திருந்தார்கள், ஆகவே அது நம்பக்கூடிய காரணம்தான்.

அந்த ஒப்பந்தமே ஏன் என்பதைப் பள்ளியில் சொல்லியிருந்தால் எனக்குக் கதை எப்போதோ புரிந்திருக்கும். 1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையில் ஐரோப்பியர்களிடமிருந்து தொற்றிய கொள்ளைநோய் ஊர் ஊராக வாரிக்கொண்டுபோனது. வாம்பனோவாக் மக்கள் மிகவும் பலவீனப்பட்டு நின்றார்கள், மேற்கே இருந்த நாராகன்செட் மக்களை அது அந்த அளவுக்குத் தாக்கவில்லை. மாசசோயிட் என்பது பட்டம், அவர் பெயர் ஊசமெக்வின். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, துப்பாக்கி வைத்திருக்கிற இந்தப் பசித்த கூட்டத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அது ஓர் அரசியல் தலைவரின் முடிவு. எங்களுக்குச் சொன்ன கதையிலோ அவர் பெயர் இல்லாத ஒரு நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சோளம் கொண்டுவருபவர்.

ஸ்குவாண்டோவுக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை உங்கள் பிள்ளை கேட்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மொத்தக் கதையும் திறந்திருக்கும்.

அவர் முழுப்பெயர் டிஸ்குவாண்டம், ஊர் பட்டுக்செட். 1614-இல் தாமஸ் ஹண்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஆசைகாட்டிக் கப்பலில் ஏற்றி, அவரையும் இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவர்களையும் கடத்திக்கொண்டுபோய் ஸ்பெயினில் மலகா துறைமுகத்தில் அடிமைகளாக விற்கப் பார்த்தான். பாதிரியார்கள் தலையிட்டுச் சிலரை மீட்டார்கள். டிஸ்குவாண்டம் எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தார், அங்கே ஒரு வணிகர் வீட்டில் இருந்தார், ஆங்கிலம் கற்றார், நியூஃபவுண்ட்லாந்து வழியாக 1619-இல் ஒருவழியாகத் தன் கரைக்குத் திரும்பினார். வந்து பார்த்தால் ஊரே இல்லை. கொள்ளைநோயில் பட்டுக்செட் முழுக்க அழிந்துபோயிருந்தது. மறுவருடம் மேஃபிளவர்காரர்கள் வந்து, இடம் சுத்தமாக இருக்கிறது, நல்ல தண்ணீர் ஓடுகிறது, வயல் ஏற்கெனவே திருத்தியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக் குடியேறிய பிளிமத், அவருடைய அந்த ஊர்தான். தன் ஆட்களின் வயலில் வேறு யாருக்கோ சோளம் நடச் சொல்லிக்கொடுத்தார் அந்த மனிதர். 1622 நவம்பரில் இறந்தும்போனார்.

விருந்தில் வான்கோழி இருந்ததா? பம்ப்கின் பை என்கிற பூசணிப் பலகாரம்?

மான் நிச்சயம். வாத்து, காட்டுப் பறவைகள் இருந்திருக்கும். காட்டு வான்கோழி அங்கே ஏராளம் என்று பிளிமத் ஆளுநர் பிராட்ஃபோர்ட் எழுதியிருக்கிறார், ஆகவே இருந்திருக்கலாம். உருளைக்கிழங்கு கிடையாது. இனிப்பான கிரான்பெரி சாஸுக்குச் சர்க்கரை கிடையாது. பை சுட வெண்ணெயும் இல்லை, கோதுமை மாவும் இல்லை.

கருப்பு உடை, கொக்கித் தொப்பி, இறகுக் கிரீடம்: இவையாவது சரிதானா?

இல்லை. அந்தக் காலத்தில் நல்ல கருப்புச் சாயம் விலை அதிகம், ஞாயிற்றுக்கிழமை உடுப்புக்குத்தான். பிளிமத்தில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களில் சிவப்பு, பச்சை, ஊதா என்று எல்லா நிறத் துணியும் வருகிறது. கொக்கி பிற்காலத்து நாகரிகம். இறகுக் கிரீடமும் கூம்புக் கூடாரமும் ஆயிரம் மைலுக்கு மேல் மேற்கே, சமவெளியில் வாழ்ந்த வேறு மக்களுடையவை. நம் ஊர் மீனவருக்கு ராஜஸ்தான் தலைப்பாகை கட்டி மேடையேற்றியது மாதிரி. வாம்பனோவாக் வீட்டுக்கு அவர்கள் மொழியில் பெயர் ‘வெட்டு’ (wetu): மரக்கழிகளை வளைத்துக் கட்டி மேலே மரப்பட்டையோ நாணல் பாயோ போர்த்திய வீடு.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த ஓவியங்களிலிருந்து. ஜென்னி பிரவுன்ஸ்கோம்ப் 1914-இல் தீட்டிய முதல் தேங்க்ஸ்கிவிங் ஓவியம் பாடப்புத்தகங்களில் திரும்பத் திரும்ப வந்தது, அதில் சமவெளி மக்களின் இறகுகளைத்தான் காணலாம்.

அப்படியானால் இது எப்படி தேசிய விடுமுறை ஆனது?

பில்கிரிம்களால் அல்ல. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர், உங்கள் பிள்ளைகள் பாடுகிற ஆட்டுக்குட்டிப் பாட்டை எழுதியவர், வருடக்கணக்காக ஜனாதிபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதி, நாடு முழுக்க ஒரே நாளில் நன்றி நாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1863 அக்டோபர் 3-ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். அந்த அறிவிப்பை முழுக்கப் படித்துப் பாருங்கள், பில்கிரிம், பிளிமத் என்று ஒன்றுமே இருக்காது. போரில் கணவனை இழந்தவர்களையும் அநாதைகளையும் நினைக்கச் சொல்கிறது. பிறகு ரூஸ்வெல்ட் 1939-இல் வியாபாரத்துக்காக ஒரு வாரம் முன்னால் தள்ளிப் பார்த்தார், குழப்பமானது, 1941-இல் காங்கிரஸ் நவம்பர் நாலாவது வியாழன் என்று சட்டமாக்கியது.

1621 விருந்தை முதல் தேங்க்ஸ்கிவிங் என்று அலெக்சாண்டர் யங் என்ற பாதிரியார் அழைத்தது 1841-இல், அதுவும் ஓர் அடிக்குறிப்பில். நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் குடியேறிகள் வந்தபோது, அவர்கள் பிள்ளைகளை அமெரிக்கர்களாக்கப் பள்ளிகளுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. கப்பலில் வந்தவர்கள், கஷ்டப்பட்டார்கள், நிலைத்தார்கள் என்பது கச்சிதமாகப் பொருந்தியது. நியூஜெர்சியில் உட்கார்ந்து நான் கொக்கித் தொப்பி செய்ததும் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

விருந்துக்குப் பிறகு என்ன ஆனது?

ஊசமெக்வின் இருந்தவரை சமாதானம் பெரும்பாலும் நின்றது. குடியேறிகள் பெருகப் பெருக நிலம் கைமாறிக்கொண்டே போனது. 1675-இல் அவர் மகன் மெட்டாகாம் காலத்தில் போர் வெடித்தது. ஆங்கிலேயர்கள் அவரைக் கிங் பிலிப் என்பார்கள். இருபக்கமும் பயங்கரச் சேதம். 1676 ஆகஸ்டில் மெட்டாகாமைக் கொன்று, தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகிப் பல வருடங்கள் வைத்திருந்தார்கள். பிடிபட்டவர்களில் பலரைக் கடல் கடந்து அடிமைகளாக விற்றார்கள். தகப்பனோடு மூன்று நாள் சாப்பிட்ட அதே ஊர். 55 வருட இடைவெளிதான்.

வாம்பனோவாக் மக்கள் இப்போதும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் பிள்ளைக்குச் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கலே இதுதான்: தொப்பியும் வெண்ணெயும் தப்பாக இருந்தது எனக்குப் பெரிதில்லை, அந்த மக்களை இறந்தகாலத்தில் மட்டுமே சொன்னார்கள். வசித்தார்கள், வேட்டையாடினார்கள், உதவினார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே நவம்பரில், சில மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஒரு பள்ளியில் உட்கார்ந்து இதே கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றக்கூட வழியில்லை.

மசாசூசெட்ஸில் கேப் காட் பகுதியில் மாஷ்பீ வாம்பனோவாக் மக்கள் இருக்கிறார்கள், மத்திய அரசு அங்கீகாரம் 2007-இல்தான் கிடைத்தது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் அக்வின்னா மக்கள், அங்கீகாரம் 1987. அக்வின்னாவில் அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிரான்பெரி நாள்: குடும்பம் குடும்பமாகப் போய்ப் பழம் பறித்து, அங்கேயே சாப்பிட்டு, கதை பேசுவார்கள். அறுவடைக்கு நன்றி சொல்வது அவர்களுக்கு மேஃபிளவர் கொண்டுவந்த பழக்கம் அல்ல.

அவர்கள் மொழியைப் பேச நூறு வருடத்துக்கு மேல் ஆளே இல்லாமல் இருந்தது. மாஷ்பீயைச் சேர்ந்த ஜெசி லிட்டில் டோ பேர்ட் 1993-இல் அதை மீட்கத் தொடங்கினார், எம்.ஐ.டி.யில் மொழியியல் படித்தார். 1663-இல் அந்த மொழியில் அச்சான பைபிளும், அவர்கள் முன்னோர் எழுதிவைத்த நிலப் பத்திரங்களும் கடிதங்களும்தான் அவருக்குக் கைகொடுத்தன. அவர் மகள் அந்த மொழியைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தாள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே வகுப்பு நடக்கிறது.

துக்க நாள் என்று ஒன்று சொல்கிறார்களே?

1970-இல் மேஃபிளவர் வந்த 350-ஆம் ஆண்டு விழாவுக்குப் பேச அக்வின்னாவைச் சேர்ந்த வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸை அழைத்தார்கள். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, இது வேண்டாம், மாற்றுங்கள் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அந்தத் தேங்க்ஸ்கிவிங் அன்று பிளிமத்தில் கோல்ஸ் ஹில் மேட்டில் மக்கள் கூடித் தேசியத் துக்க நாள் கடைப்பிடித்தார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் நடக்கிறது.

இப்போதும் பள்ளியில் வேஷம் போடுகிறார்களா?

இடத்துக்கு இடம், டீச்சருக்கு டீச்சர் மாறும். பல பள்ளிகள் வேஷத்தை விட்டுவிட்டன. நன்றி சொல்வது, உணவு டப்பாக்கள் சேர்த்துக் கொடுப்பது என்று மாறியிருக்கின்றன. 2008-இல் கலிஃபோர்னியாவில் கிளேர்மாண்ட் நகரில் கிண்டர்கார்டன் வேஷத்தை நிறுத்தியதற்குப் பெற்றோர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. வேஷம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இன்று உயிரோடு இருக்கிற ஒரு மக்களின் உடுப்பை மளிகைப் பையில் வெட்டி மாட்டிக்கொள்வதில் பிள்ளை கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வெண்ணெய் குலுக்குவதை மட்டும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

டீச்சரிடம் சொன்னால் தப்பாக நினைப்பாரா?

பெரும்பாலும் இல்லை. குற்றம் சொல்கிற தொனி வேண்டாம், அக்டோபரிலேயே ஒரு சின்ன ஈமெயில் போதும்: இந்த வருடம் வாம்பனோவாக் மக்களைப் பற்றி என்ன படிக்கப்போகிறீர்கள், நான் ஏதாவது புத்தகம் வாங்கித் தரட்டுமா? பல டீச்சர்கள் தாங்கள் சின்ன வயதில் கேட்டதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நல்ல புத்தகம் கையில் கொடுத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள்.

எந்த வயதில் எதைச் சொல்வது?

ஐந்து வயதில்: அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர் வாம்பனோவாக், இன்றும் இருக்கிறார்கள். எட்டு, ஒன்பதில் டிஸ்குவாண்டம் கதையை முழுக்கச் சொல்லலாம், கடத்தியதையும் சேர்த்து. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எது அநியாயம் என்று நன்றாகவே தெரியும். போரும் கம்பத்துத் தலையும் நடுநிலைப் பள்ளிக்குப் போன பிறகு.

நாங்கள் சைவம். பள்ளி விருந்துக்கு என்ன செய்வது?

என் அம்மாவுக்கும் இந்தக் கவலை இருந்தது. யார் எதைக் கொண்டுவருவது என்று ஒரு தாள் வரும். அம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "நாம பேப்பர் தட்டும் நாப்கினும்னு எழுதிடலாம்டி, யாருக்கும் தொந்தரவு இல்ல" என்பார். இன்று அந்தத் தயக்கம் வேண்டாம். சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் அங்கே சேர்த்தே பயிரிடப்பட்டவை, மூன்றும் சைவம். சோளச் சுண்டலோ பூசணி அல்வாவோ தாராளமாகக் கொடுத்தனுப்பலாம். வேர்க்கடலை, முந்திரி மட்டும் வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள்.

அப்படியென்றால் வீட்டில் கொண்டாடலாமா கூடாதா?

கொண்டாடுங்கள். நாங்களும் கொண்டாடுகிறோம். நாலு நாள் லீவு, ஊரிலிருந்து சொந்தம் வரும், உட்கார்ந்து சாப்பிடுகிறோம். லிங்கன் அறிவித்த நாளுக்குப் பில்கிரிம் கதை தேவைப்படவில்லை, உங்களுக்கும் தேவைப்படாது. பிள்ளை கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

பிளிமத்துக்கு நேரில் கூட்டிப்போகலாமா?

பாஸ்டனிலிருந்து சுமார் 40 மைல்தான், கண்டிப்பாகப் போங்கள். 1620 என்று செதுக்கிய பிளிமத் பாறையைப் பார்த்துப் பிள்ளைகள் இவ்வளவுதானா என்பார்கள், சின்னக் கல்தான் அது. எதிரே கோல்ஸ் ஹில் மேட்டில் மாசசோயிட் சிலையும், துக்க நாளைப் பற்றிய கல்வெட்டும் இருக்கின்றன, ஏறிப் போய்ப் படியுங்கள். பிறகு பழைய பிளிமத்தைத் திரும்பக் கட்டிவைத்திருக்கும் அருங்காட்சியகம்: 2020-இல் அதன் பெயரில் பட்டுக்செட்டையும் சேர்த்தார்கள். அங்கே ஆங்கிலேயர் கிராமத்தில் இருப்பவர்கள் 1620-களின் ஆட்களாகவே நடிப்பார்கள், செல்ஃபோன் என்றால் புரியாத மாதிரிப் பார்ப்பார்கள். பட்டுக்செட் வீடுகளின் பக்கம் இருக்கும் பூர்வகுடி ஊழியர்கள் நடிப்பதில்லை. பழைய முறையில் உடுத்தி, நெருப்பில் சமைத்துக்கொண்டே, இன்றைய மனிதர்களாக இன்றைய மொழியில் பேசுவார்கள். அந்த இடம் தங்களுக்குச் சொன்ன வாக்கை முழுதாகக் காப்பாற்றவில்லை என்று 2022-இல் வாம்பனோவாக் மக்கள் சிலர் குறை சொன்னார்கள், அதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். போகும் முன் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பட்டுக்செட் பக்கத்தில் நேரத்தை அதிகம் ஒதுக்குங்கள், அங்கே எந்தக் கேள்வியையும் மரியாதையோடு கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.